போர்டர் சீனியை இறக்குவது எப்படி: மலையகத்து வீட்டிலிருந்தே செய்யக்கூடிய முழுமையான வழிகாட்டி

இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்துவிட்டு டொக்டர், "சீனி போர்டர்ல இருக்கு, சாப்பாட்டைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்க" என்று சொல்லி அனுப்புவார். இரத்தச் சீனி வழமையை விடக் கூடி, ஆனால் நீரிழிவு அளவுக்குப் போகாமல் நிற்பதுதான் போர்டர். எந்தச் சாப்பாட்டை, எதிலிருந்து தொடங்குவது என்பதை விளக்க அவருக்கு நேரம் இருக்காது. வெளியே நூறு பேர் நிற்பார்கள்.

நான் ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கந்தோரில் உட்கார்ந்து வேலை செய்கிறவன். எச்.பி.ஏ.1.சி. என்ற, மூன்று மாதச் சீனிச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில் 6.2 என்று வந்தது. எட்டு மாதத்தில் 5.5க்கு வந்தது. அதற்குப் பிறகு சொந்தக்காரர், லயத்துக்காரர் என்று பத்துப் பன்னிரண்டு பேரோடு இதே வேலையைச் செய்து பார்த்தேன். இடையில் விட்டவர்களில் அனேகமானோர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் போனவர்கள். ரொட்டியை நிறுத்தி, சோற்றை நிறுத்தி, விடியற்காலையில் ஓடி, பத்தாம் நாள் களைத்துப்போய் பழையபடி உட்கார்ந்துவிட்டார்கள். அதனால் கீழே உள்ளதை அதே வரிசையில் செய்யுங்கள். ஒரு மாற்றம் இரண்டு வாரத்தில் பழகிய பின் அடுத்ததைத் தொடங்குங்கள்.

1. இந்த வழி உங்களுக்கானதா?

அடிக்கடி சிறுநீர், தீராத தாகம், காரணமில்லாமல் உடம்பு மெலிவது, கண் மங்கல் ஆகியவை இருந்தால் இங்கே நிறுத்திவிட்டு இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது போர்டரைத் தாண்டிய நிலையாக இருக்கலாம்.

கர்ப்பிணிகளுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. அவர்களுக்கான அளவுகள் வேறு. சிறுநீரக நோய் உள்ளவர்களும், ஏற்கெனவே சீனிக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களும் சாப்பாட்டை மாற்றும் முன் டொக்டரிடம் பேச வேண்டும். மருந்தின் அளவை மாற்றாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சீனி அபாயமாக இறங்கிவிடலாம்.

பிள்ளை வயிற்றில் இருந்தபோது சீனி கூடிப் பிறகு சரியாகிவிட்ட பெண்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். பின்னாளில் சீனி வருத்தம் வரும் வாய்ப்பு அவர்களுக்கு மிக அதிகம். பிள்ளை பிறந்த பிறகு அவர்களில் பலர் திரும்பச் சோதித்துக்கொள்வதில்லை.

2. கையில் இருக்க வேண்டியவை

தையல்காரரின் அளவு நாடா, ஒரு கொப்பி, வீட்டில் சீனி அள்ளும் அதே கரண்டி. இவ்வளவு போதும். விரலில் குத்திச் சீனி பார்க்கும் குளுக்கோமீட்டர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் நடக்கும். பழைய பரிசோதனைத் துண்டுகளைக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒட்டி வையுங்கள். கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் வேறு டொக்டர் இருப்பார். போன தடவை எவ்வளவு என்று அவருக்குத் தெரிவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

3. சரியாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்

பிழையான இலக்கத்தை வைத்துக்கொண்டு தொடங்கினால் மற்ற எல்லாம் பிழைக்கும். வெறும் வயிற்றுப் பரிசோதனை என்றால் குறைந்தது 8 மணித்தியாலம் பச்சைத்தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது. இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் தவறுகிறார்கள். "ஒன்னும் சாப்பிடல்ல தம்பி, தேத்தண்ணி மட்டும்தான்" என்று பெரியம்மா ஒருவர் சொன்னார். அந்தத் தேத்தண்ணியில் இரண்டு கரண்டி சீனி. குளிரில் எழும்பியதும் அடுப்பு மூட்டிக் குடிக்கும் அந்த முதல் கோப்பை பழக்கத்தில் ஊறிப்போனதால் கணக்கில் வருவதில்லை. சீனி போடாத தேத்தண்ணியும் அன்றைக்கு வேண்டாம்.

ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் காலை பஸ்ஸில் டவுனுக்குப் போய், வரிசையில் நின்று பதினொரு மணிக்கு இரத்தம் கொடுப்பதும் சரியல்ல. 16 மணித்தியாலம் ஆகிவிடும். முதல் நாள் ஒன்பது மணிக்குச் சாப்பிடுங்கள், காலையில் நேரத்தோடு போங்கள், இரத்தம் கொடுத்ததும் சாப்பிட ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள். காய்ச்சல் இருக்கும்போது சோதிக்காதீர்கள். உடம்பு நோயோடு போராடும்போது சீனி தானாக ஏறும்.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையம் என்று ஒரு பகுதி இருக்கிறது. எச்.எல்.சி. என்று கேட்டால் காட்டுவார்கள். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு சீனி, பிரஷர், நிறை, உயரம் எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். வருத்தம் வந்தால்தான் போக வேண்டும் என்று எண்ணிப் பலர் போவதில்லை. அது வருத்தம் இல்லாதவர்களுக்கான இடம்.

4. இலக்கத்தை வாசிப்பது

வெறும் வயிற்றில் 100 முதல் 125 மி.கி. வரை இருந்தால் போர்டர். 126உம் அதற்கு மேலும் நீரிழிவு. உலக சுகாதார அமைப்பு போர்டரின் தொடக்கத்தை 110 என்று வைக்கிறது. அதனால் 104 வந்த ஒருவரிடம் ஒரு டொக்டர் "சரி" என்றும் இன்னொருவர் "கவனம்" என்றும் சொல்லலாம். இரண்டும் பிழையில்லை. சில லேப்களில் 5.8, 6.3 என்று சிறிய இலக்கம் வரும். அது மில்லிமோல். 18ஆல் பெருக்கினால் மி.கி. கிடைக்கும்.

75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்ப்பதில் 140 முதல் 199 வரை போர்டர். எச்.பி.ஏ.1.சி.யில் 5.7 முதல் 6.4 வரை. இது ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. சிவப்பு அணு 120 நாள் அளவில் வாழ்வதால் அதில் ஒட்டிய சீனி அவ்வளவு காலத்தின் கணக்கைச் சொல்கிறது. எல்லா அரசாங்க ஆஸ்பத்திரியிலும் இதைச் செய்வதில்லை.

தோட்டத்துப் பெண்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை இருந்தால் எச்.பி.ஏ.1.சி. உண்மையை விடக் கூடிக் காட்டலாம். இரத்தம் அதிகம் போனால், அல்லது அணுக்கள் சீக்கிரம் அழியும் நோய் இருந்தால் குறைத்துக் காட்டலாம். கண் இமையின் உட்பக்கம் வெளிறி, மேடு ஏறும்போது மூச்சு வாங்கினால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள். வெறும் வயிற்று அளவும் எச்.பி.ஏ.1.சி.யும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஒரே ஒரு பரிசோதனையை வைத்து முடிவெடுக்காமல் இன்னொரு நாளில் உறுதிப்படுத்துங்கள்.

5. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

காலை முதல் படுக்கும் வரை வாயில் போனதை எல்லாம் கொப்பியில் எழுதுங்கள். எத்தனை தேத்தண்ணி, கோப்பைக்கு எத்தனை கரண்டி, எத்தனை ரொட்டி, கடையில் ஒரு வடை, பிள்ளை மிச்சம் வைத்த பிஸ்கட். அந்த வாரம் நல்ல பிள்ளையாக நடக்க வேண்டாம். வழமையாகச் சாப்பிடுங்கள். எது உங்கள் சீனியை ஏற்றுகிறது என்று ஊகத்தில் முடிவு செய்தால், பிடிக்காத சாப்பாட்டைத்தான் முதலில் நிறுத்துவோம். ஏற்றுகிற சாப்பாடு தட்டிலேயே இருக்கும்.

தொப்புளுக்கு நேராக நாடாவைச் சுற்றி, மூச்சை விட்ட நிலையில் அளந்து அதையும் எழுதுங்கள். நம் தெற்காசிய உடம்புக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எல்லை. கை கால் மெலிந்திருந்தும் வயிறு மட்டும் தள்ளி இருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். "நான் மெல்லிசு, எனக்கு எப்படி வரும்" என்று கேட்பவர்களை நாடாதான் திருத்தும்.

6. முதல் மாற்றம்: தேத்தண்ணிச் சீனி

சாப்பாட்டுக்கு முன் தேத்தண்ணியை எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பசி அதிகரிக்காது, சமையல் மாறாது, வீட்டில் யாரோடும் சண்டை வராது. மட்டமாக அள்ளிய ஒரு தேக்கரண்டி சீனி 4 கிராமுக்குச் சற்று மேல். நாம் குவித்து அள்ளுவோம். நாளைக்கு ஆறு கோப்பை, இரண்டு கரண்டி என்றால் 50, 60 கிராம் சுலபமாக வரும். உலக சுகாதார அமைப்பு நாள் முழுவதற்கும் சேர்த்து 25 கிராமுக்குள் வைப்பது நல்லது என்கிறது.

ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். முதல் வாரம் கரண்டியை மட்டமாகத் தட்டுங்கள். அடுத்த வாரம் ஒன்றரை, பிறகு ஒன்று, பிறகு அரை. நாக்குக்கு ஒவ்வொரு படிக்கும் சில நாள் வேண்டும். ஆறு வாரம் போன பிறகு பழைய கோப்பையைக் குடித்தால் பாணி மாதிரி இருக்கும்.

இங்கே இரண்டு தவறு நடக்கும். சீனிக்குப் பதிலாகக் கித்துல் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பது முதலாவது. மணமும் ருசியும் வேறு என்றாலும் இரத்தத்தில் அதுவும் சீனிதான். டின்பாலில் சீனி இல்லை என்று எண்ணுவது அடுத்தது. அதில் ஏறத்தாழப் பாதி சீனி.

7. இரண்டாவது மாற்றம்: ரொட்டி

இதில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மலையகத்தில் சீனி ஏறுவதற்குப் பெரிய காரணம் என் அனுபவத்தில் கோதுமை மா ரொட்டிதான். அது கெட்ட சாப்பாடு என்பதால் அல்ல. கூடையோடு மலை ஏறி இறங்கும் உடம்புக்காகத் தட்டிய ரொட்டி அது. நடை நின்ற பிறகும் அளவு அப்படியே இருக்கிறது. பென்ஷன் எடுத்தவர், கடை வைத்திருப்பவர், த்ரீவீலர் ஓடுபவர், என்னைப் போலக் கந்தோரில் இருப்பவர் எல்லோரும் மலைக்குப் போகிறவரின் ரொட்டியைத்தான் இன்னும் சாப்பிடுகிறோம்.

எங்கள் வீட்டு மா உருண்டையை ஒரு நாள் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். தண்ணீரையும் தேங்காய்ப்பூவையும் கழித்தால் ஒரு ரொட்டிக்கு 100 கிராம் மா. அதில் 75 கிராம், உடம்புக்குள் சீனியாக மாறும் மாப்பொருள். காலையில் இரண்டு என்றால் 150. உருளைக்கிழங்குக் கறி இருந்தால் அதற்கு மேலே இன்னும் ஏறும். இரண்டு மணித்தியாலம் கழித்து மீட்டரில் 187 காட்டியது. ஒரு வாரம் கழித்து, ஒரே ரொட்டி, முதலில் கடலைக் கறியும் வல்லாரைச் சம்பலும், பிறகு ரொட்டி. 138.

செய்ய வேண்டியது இந்த வரிசையில்:

முதலில் உருண்டையைச் சிறிதாக்குங்கள். ரொட்டியின் எண்ணிக்கையைக் குறைத்தால் மனம் குறையாகவே எண்ணும். இரண்டு ரொட்டியாகவே இருக்கட்டும், ஒவ்வொன்றும் பாதி மாவில். மெல்லிசாகத் தட்டினால் கல்லில் சீக்கிரம் வேகும், விறகும் மிச்சம்.

அடுத்து, குறைத்த இடத்தை நிரப்புங்கள். இதைச் செய்யாதவர்கள் பத்து மணிக்குப் பசித்து பிஸ்கட் பக்கெட்டை உடைப்பார்கள். கடலை, பயறு, கௌப்பி, பருப்பு, முட்டை, நெத்தலி, டின்மீன் என்று புரதம் உள்ளது ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்க வேண்டும். பருப்பைத் தண்ணீராக வைத்து ரொட்டியை நனைப்பது போதாது. கரண்டியால் அள்ளிச் சாப்பிடும் பதத்தில் வையுங்கள்.

பிறகு, காய்கறியை முதலில் சாப்பிடுங்கள். நாரும் புரதமும் முதலில் வயிற்றுக்குள் போனால் பின்னால் வரும் மாப்பொருள் மெதுவாகக் கரைந்து இரத்தத்தில் சேரும். கோவா, போஞ்சி, லீக்ஸ், நோக்கோல், முருங்கைக்கீரை என்று நம் பக்கத்துக் காய்கறிக்குக் குறைவில்லை. தட்டில் பாதி அதுவாக இருக்கட்டும்.

கடைசியாக மாவை மாற்றுங்கள். குரக்கன் மா கலந்த ரொட்டியில் நார் அதிகம். ஆனால் "குரக்கன்தானே" என்று நாலு ரொட்டி சாப்பிடுவதைக் கண்டிருக்கிறேன். குரக்கன் மாவிலும் 100 கிராமில் 70 கிராமுக்கு மேல் மாப்பொருள்தான். சிவப்பரிசிச் சோறும் அப்படியே. வெள்ளையை விட நல்லது, அளவு மட்டும் அதேதான். பாண் என்றால் கால் றாத்தலில் 55 கிராம் அளவில் வரும்.

உருளைக்கிழங்கு, மரவள்ளி, ஈரப்பலா, பலாக்கொட்டை எல்லாவற்றையும் சோற்றின் பங்காக எண்ணுங்கள், கறியின் பங்காக அல்ல. வெலிமடைக் கிழங்கு ருசியானதுதான். சாப்பிடுங்கள். அன்றைக்குச் சோறு பாதி.

இப்போதும் நாள் முழுக்கக் கொழுந்து பறிப்பவர்கள் காலை ரொட்டியை வெட்டிக் குறைக்க வேண்டாம். மலையில் தலை சுற்றி விழுவது நல்லதல்ல. அவர்கள் ராத்திரிச் சாப்பாட்டில் குறைத்தால் போதும்.

8. மூன்றாவது மாற்றம்: சாப்பிட்ட பின் நடை

"மலையில் இவ்வளவு நடக்கிறோமே, இன்னும் என்ன நடை?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பறிக்கும்போது ஒரு செடிக்கும் அடுத்ததுக்கும் இடையில் நின்று நின்று நகர்கிறோம். அதுவும் உழைப்புத்தான். ஆனால் ராத்திரி பெரிய சாப்பாடு சாப்பிட்டு உடனே படுப்பதை அந்த உழைப்பு ஈடு செய்வதில்லை. தசை வேலை செய்யும்போது இன்சுலினின் உதவி குறைவாக இருந்தாலும் இரத்தத்துச் சீனியை இழுத்துக்கொள்ளும். சீனி ஏறும் நேரத்தில் தசையை அசைத்தால் பயன் கூட. அதனால் ஒவ்வொரு பெரிய சாப்பாட்டுக்குப் பின்னும் 10, 15 நிமிடம். மூன்று வேளையும் முடியாவிட்டால் ராத்திரிச் சாப்பாட்டை விடாதீர்கள்.

கிழமைக்கு 150 நிமிடம் என்பது இலக்கு. பேச முடியும், பாட முடியாது என்ற வேகம். சமதரையில் வாழ்பவர்களுக்கான கணக்கு அது. நம் பாதையில் மேடு ஏறினால் மெதுவாக நடந்தாலும் அந்த வேகத்துக்குச் சமன். நெஞ்சில் இறுக்கம், இடது கையில் வலி வந்தால் அங்கேயே நின்று, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இருட்டில் தேயிலைக்குள் தனியாக நடக்காதீர்கள். சிறுத்தை நடமாட்டம் உள்ள பக்கங்கள் உண்டு. பகலில் குளவிக்கூடு உள்ள மரங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மஸ்கெலியா, ஹட்டன் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை மழை விடாது. பதுளைப் பக்கம் ஒக்டோபர் தொடங்கினால் ஜனவரி வரை. மழை தொடங்கியதும் நடையை விட்டவர்கள் மழை முடிந்த பிறகும் திரும்புவதில்லை. ஆகவே முதல் நாளே மழைக்கான ஏற்பாட்டையும் செய்துவிடுங்கள். இஸ்தோப்புப் படியில் ஏறி இறங்குவது போதும். ரேடியோவில் மூன்று பாட்டு முடியும் வரை. என் மனைவி அப்படித்தான் ஒரு மழைக்காலம் முழுவதையும் கடந்தாள்.

9. நான்காவது மாற்றம்: தசை

கதிரையில் கை வைக்காமல் எழும்பி உட்காருங்கள், 10 தடவை. சுவரில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளுங்கள், 10 தடவை. இரண்டையும் மூன்று சுற்று, கிழமைக்கு இரண்டு நாள். உடம்பில் சீனியைச் சேமிக்கும் பெரிய இடம் தசை. வயதோடு அது கரையும். மெலிந்தவர்களுக்கு நடையை விட இதுதான் முக்கியம். அவர்கள் நிறையைக் குறைக்கத் தேவையில்லை.

நிறை கூடியவர்கள் 7 சதவீதம் குறைத்தால் போதும். 70 கிலோ என்றால் 5 கிலோ. அமெரிக்காவில் 2002இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் இந்த 7 சதவீதமும் 150 நிமிட நடையும்தான் இலக்கு. நீரிழிவுக்குப் போகும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபோர்மின் என்ற சீனி மாத்திரை எடுத்தவர்களில் அது 31 சதவீதம்தான் குறைந்தது. சென்னையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு நம் உடம்புக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே நிறை பெரிதாகக் குறையாமலே வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. தராசு அசையவில்லை என்று யாரும் மனம் தளர வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். நாடாவைப் பாருங்கள்.

10. தூக்கம், புகை, கசாயம்

ஆறு மணித்தியாலத்துக்குக் குறைந்த தூக்கம் தொடர்ந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. சிகரெட்டும் அப்படியே. வெற்றிலையில் போடும் புகையிலையையும் நிறுத்துங்கள்.

பாவற்காய், கொத்தலஹிம்புட்டு மூலிகைக் கசாயம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். பாவற்காயைக் கறியாக வைத்துச் சாப்பிடுங்கள். கசாயத்தைக் குடித்துவிட்டு மூன்று ரொட்டி சாப்பிடுவதால் பயன் இல்லை. மாத்திரை எடுப்பவர்கள் அதோடு கசாயத்தையும் சேர்த்தால் சீனி கீழே விழலாம். பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரையை வாங்கிப் போடுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். மாத்திரை தேவையா என்பதை உங்கள் இரத்தத்தையும் சிறுநீரகத்தையும் பார்த்து டொக்டர் முடிவு செய்வார்.

11. மீட்டர் உள்ளவர்களுக்கு

குளிரில் விரல் விறைத்து இரத்தம் வராது. பிதுக்கினால் அளவு பிழைக்கும். வெந்நீரில் கையைக் கழுவி, துடைத்து, கையைக் கீழே தொங்கவிட்டு, விரல் நுனியின் ஓரத்தில் குத்துங்கள். பழம் உரித்த கையில் குத்தி 240 வந்து வீடே பயந்த கதை எங்கள் லயத்தில் உண்டு. கழுவிவிட்டுப் பார்த்தபோது 121. பனி ஈரம் ஸ்ட்ரிப்பைக் கெடுக்கும், டப்பாவை உடனே மூடுங்கள். சில மீட்டர்கள் 10 பாகைக்குக் கீழே வேலை செய்யாது. ஜனவரியில் நுவரெலியாவில் காலையில் அதை இடுப்பில் சொருகிச் சற்றுச் சூடாக்க வேண்டியிருக்கும்.

முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணித்தியாலம் எண்ணுங்கள். 140க்குக் கீழே இருந்தால் அந்தச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துப்போகிறது. மீட்டர் சாப்பாட்டைச் சோதிக்க மட்டும். நோய் உண்டா இல்லையா என்பதை லேப் இரத்தம்தான் சொல்லும்.

12. மறுபரிசோதனை

தேத்தண்ணிச் சீனியைக் குறைக்கத் தொடங்கிய நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து. அதற்கு முன் எச்.பி.ஏ.1.சி. பார்த்தால் பழைய சிவப்பு அணுக்கள் பழைய கதையைச் சொல்லும், பணமும் வீண். அதே லேப்பில் செய்யுங்கள்.

0.2, 0.3 இறங்கியிருந்தாலே வழி சரி. அப்படியே தொடருங்கள். அசையாமல் இருந்தால் ஐந்தாம் படிக்குத் திரும்பி இன்னொரு வாரம் எழுதுங்கள். பெரும்பாலும் ரொட்டி பழைய பருமனுக்கு வளர்ந்திருக்கும், அல்லது தேத்தண்ணியில் குறைத்த சீனி பிஸ்கட்டாகத் திரும்பியிருக்கும். வெறும் வயிற்று அளவு மட்டும் இறங்காமல் நின்றால் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தைப் பாருங்கள். இரவில் கல்லீரல் சீனியை வெளியே விடுவதால் காலை அளவு பலருக்குக் கடைசியில்தான் இறங்கும். இலக்கம் ஏறியிருந்தால் இன்னும் மூன்று மாதம் பார்ப்போம் என்று இருக்காமல் கொப்பியோடு கிளினிக்குக்குப் போங்கள்.

5.7க்குக் கீழே வந்துவிட்டால் பழைய ரொட்டிக்குத் திரும்பலாம் என்று அர்த்தம் இல்லை. என் மாமா ஒருவர் தீபாவளிக்குத் திரும்பினார், சித்திரைக்குள் 6.1. பண்டிகைக்கு இரண்டு நாள் தாராளமாகச் சாப்பிடுங்கள். மூன்றாம் நாள் பலகாரத்தை அயலுக்குக் கொடுத்துவிடுங்கள். அளவு சரியான பிறகும் வருடத்துக்கு ஒரு தடவை இரத்தம் கொடுங்கள். புதுக் கலண்டர் சுவரில் ஏறும் நாளிலேயே அந்தத் திகதியை வட்டம் போட்டு, எத்தனை மணிக்குப் பிறகு சாப்பிடக்கூடாது என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.